நுரையீரல் கட்டி: ஆபரேஷனா, கதிர்வீச்சா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 72. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சிகரெட்டை விட்டு மூன்று வருடம் ஆகிறது. வலது நுரையீரலில் 1.8 செ.மீ. புற்றுநோய்க் கட்டி, ஆரம்ப நிலை. ஒரு டாக்டர் வெட்டி எடுக்கலாம் என்கிறார். இன்னொருவர் குறிவைத்துக் கொடுக்கும் ரேடியோதெரபி போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஒருவர் கட்டியைப் பார்த்துச் சொல்கிறார், மற்றவர் அப்பாவின் மூச்சைப் பார்த்துச் சொல்கிறார். நீங்கள் எழுதாமல் விட்டது அந்த மூச்சுக் கணக்கைத்தான். குழாயில் ஊதச் சொல்லி எடுக்கும் நுரையீரல் பரிசோதனையில், இருக்க வேண்டிய அளவில் எத்தனை சதவீதம் வந்தது?

வலது நுரையீரலில் மூன்று மடல்கள், அதாவது மூன்று பிரிவுகள். வழக்கமாகக் கட்டி உள்ள மடலையே எடுத்துவிடுவார்கள். ஓரமாக இருக்கும் 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிக்கு, பக்கத்து நிணநீர்க் கணுக்களில் (நோய் பரவினால் போய்த் தங்கும் சின்ன முடிச்சுகள்) நோய் இல்லையென்றால், மடலின் ஒரு பகுதியை எடுத்தாலே போதும் என்று 2022, 2023இல் வந்த ஆய்வுகள் காட்டின. எப்படியானாலும் வெட்டிய நுரையீரல் திரும்ப வளராது. மீதி இருப்பதுதான் மூச்சைத் தாங்க வேண்டும். பத்துமலை முருகன் கோவிலின் 272 படிகளை அங்கங்கே நின்றாவது ஏறிவிடுவார் என்றால் ஒரு கணக்கு. வீட்டிலிருந்து கடைக்குப் போவதற்குள் வழியில் உட்கார்ந்துவிடுவார் என்றால் வேறு கணக்கு.

உடம்பு தாங்குமென்றால் நான் ஆபரேஷன் பக்கம்தான். பக்கத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்துப் பார்ப்பதால், ஸ்கேனில் தெரியாத நோயும் பிடிபடும். ‘கத்தி பட்டால் பரவும்’ என்று யாராவது வந்து சொன்னால், ஒரு மைலோ கலக்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தாங்காது என்றால் ரேடியோதெரபி. அதை மட்டமான வழி என்று நினைக்க வேண்டாம். பல கோணங்களிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் கட்டியில் மட்டும் ஒன்றுசேர்கின்றன. மூச்சோடு கட்டி நகர்வதையும் முன்பே ஸ்கேனில் அளந்துகொள்வார்கள். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து முறை போனால் முடிந்துவிடும், மயக்க மருந்து தேவையில்லை. ஆபரேஷன் தாங்காத 55 பேரை வைத்து 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்று ஆண்டுகளில் 97.6 சதவீதம் பேருக்குக் குறிவைத்த கட்டி அடங்கியே இருந்தது. ஆனால் உயிரோடு இருந்தவர்கள் 55.8 சதவீதம்தான். ஏற்கெனவே நலிந்த உடம்பு, வேறிடங்களில் தலைகாட்டிய நோய், இரண்டும் அதில் சேர்த்தி.

கட்டி நடு மூச்சுக்குழாய்க்கு அருகில் இருந்தால் கதிர்வீச்சில் ஆபத்து கூடும். ஆகவே அடுத்த முறை போகும்போது மூச்சு அளவு, கட்டியின் இடம், கணுக்களைச் சோதித்தார்களா என்ற மூன்றையும் கேளுங்கள். முடிந்தால் இரண்டு டாக்டர்களையும் கலந்து பேசச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. கதிர்வீச்சு முடிந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ வறட்டு இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் சளி என்று விட்டுவிடாதீர்கள். கதிரால் நுரையீரல் அழன்றிருக்கலாம். அதற்குத் தேவை ஸ்டீராய்டாக இருக்கலாம். டவுன் கிளினிக்கில் நுழைந்ததும் ‘நெஞ்சில் ரேடியோதெரபி எடுத்தவர்’ என்பதை முதலில் சொல்லுங்கள்.