குதிரைக்கு ஃப்ளை மாஸ்க்: இந்தக் கோடையின் கேள்விகள்

காவடி நேரம் நெருங்கினால் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஈயும் பெருகிவிடும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஃப்ளை மாஸ்க் பற்றியவை, அதாவது ஈ மொய்க்காமல் குதிரையின் கண்ணையும் முகத்தையும் மூடும் வலை முகமூடி பற்றியவை.

எங்கள் குதிரை இரவும் பகலும் மேய்ச்சலில்தான் நிற்கிறது. மாஸ்க்கை அப்படியே விட்டுவிடலாமா ஐயா? (டோங்காட் வாசகர்)

வேண்டாம். காலையில் மாட்டி, பொழுது சாய்வதற்குள் கழற்றிவிடுங்கள். இருட்டில் குதிரைக்கு நம்மைவிட நன்றாகவே கண் தெரியும். வலை அந்தப் பார்வையைக் குறைத்துவிடும். அப்புறம் வேலிக் கம்பியும் பள்ளமும் தெரியாமல் போகும். கண்ணில் மொய்க்கிற ஈக்கள் பெரும்பாலும் பகலில்தான் வரும் என்பதால் இரவில் மாஸ்க்கால் லாபமும் இல்லை.

வெளிநாட்டுக் குதிரைப் பத்திரிகைகளில் 'ஈ அதிகமென்றால் பகலில் லாயம், இரவில் மேய்ச்சல்' என்று எழுதுவார்கள். ஹார்ஸ் சிக்னஸ் (ஆப்பிரிக்கக் குதிரை நோய்) பருவத்தில் நம் பக்கம் அந்த யோசனை ஆகவே ஆகாது. காரணம் அடுத்த பதிலில்.

மாஸ்க் போட்டிருந்தால் ஹார்ஸ் சிக்னஸ் வராது என்று பக்கத்துப் பண்ணையில் சொல்கிறார்கள். சரியா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி)

தவறு. அதை நம்பி இருப்பதும் ஆபத்து. ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்புவது ஈ அல்ல, கியூலிகாய்டஸ் வகை மிட்ஜ். 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ள இந்தப் பொடிப் பூச்சி, சாதாரண மாஸ்க்கின் கண்ணிக்குள் தாராளமாக நுழைந்துவிடும். நுழையாவிட்டாலும் என்ன, கடிக்க மீதி உடம்பு முழுவதும் இருக்கிறதே! மிட்ஜ் மும்முரமாகக் கடிப்பது அந்தியிலிருந்து விடியும் வரை. அதனால் பொழுது சாயும் முன் குதிரையை லாயத்துக்குள் கொண்டுவந்து, நன்றாக விடிந்த பிறகு வெளியே விடுங்கள். ஆண்டுதோறும் போட வேண்டிய தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள். கடற்கரையிலிருந்து தள்ளி உள்ளே இருக்கும் ஊர்களில் முதல் உறைபனி விழுந்ததும் மிட்ஜ் வெகுவாகக் குறையும். பனி விழாத கடற்கரைப் பக்கத்தில் அப்படி நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. இந்த நோயின் ஒரு வடிவத்தில், கண்ணுக்கு மேலே உள்ள குழி வீங்கி நிரம்பிவிடும். நம் ஊர்க் குதிரைக்காரர்கள் 'டிக்காப்' என்று சொல்வது இந்த வடிவத்தைத்தான். அந்தக் குழி இருக்குமிடம் மாஸ்க்குக்கு நேர் அடியில்! இரண்டு நாள் கழற்றாமல் விட்டால் வீக்கம் யார் கண்ணிலும் படாது. அதனால் தினமும் கழற்றி, குழி குழியாகவே இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பருவம் முடியும் வரை காலையும் மாலையும் காய்ச்சலும் பார்க்க வேண்டும். வளர்ந்த குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதற்கு மேல் போனாலோ குழி நிரம்பியிருந்தாலோ உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். சந்தேகம் வந்தாலே அரசு கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் இது.

மாஸ்க் உரசி கன்னத்தில் முடி கொட்டிவிட்டது. (வெருலம்)

அளவு சரியில்லை, அல்லது அழுக்கு. கண்ணுக்கு முன்னால் வலை எழும்பி நிற்க வேண்டும். குதிரை கண் சிமிட்டும்போது இமைமுடி வலையில் படக் கூடாது. தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழைகிற இடம் போதும். அதைவிடத் தளர்ந்தால் ஈ உள்ளே புகுந்து வெளியே வரத் தெரியாமல் கண்ணையே சுற்றும். வியர்வையும் மண்ணும் ஏறிய துணிதான் தோலை அறுக்கும் என்பதால் இரண்டு மாஸ்க் வாங்கி மாற்றி மாற்றித் துவையுங்கள். வெல்க்ரோவில் ஒட்டிய புல் விதையைத் தட்டிவிடுங்கள். பிடிப்பு போன வெல்க்ரோவுக்குப் பதிலாகக் கயிறோ பக்கிளோ தைக்காதீர்கள். எங்காவது மாட்டினால் மாஸ்க் பிய்ந்து வர வேண்டும், குதிரையின் கழுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. நைலான் ஹால்ட்டருக்கு (தலைக் கயிற்றுக்கு) மேல் மாஸ்க் போட்டு வெளியே விடுவதும் இதே காரணத்தால் தவறு.

பார்க்கிறவர்கள் 'குதிரையின் கண்ணை ஏன் கட்டிவிட்டீர்கள்' என்று திட்டுகிறார்கள்!

கொசுவலைக்குள் இருந்து நாம் பார்ப்பது போல அதற்கும் வெளியே தெரியும் என்று சொல்லுங்கள்.

ஒரு கண்ணில் நீர் வழிகிறது. போன வருடம் வாங்கிய களிம்பைப் போட்டு மாஸ்க் மாட்டலாமா? (சாட்ஸ்வொர்த்)

களிம்பைத் தொடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால், சில நாளில் கண்ணே போய்விடக்கூடும். வெறும் ஈத் தொல்லை என்றால் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் பீளை தள்ளும். ஒரு கண் மட்டும் நீர் வடிந்து, பாதி மூடி, வெளிச்சத்துக்குக் கூசினால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். அவர் வரும் வரை நிழலில் நிறுத்துங்கள். அவர் பார்த்துவிட்டுச் சொன்னால் மாஸ்க் போடலாம்.

மாஸ்க் போட்டும் ஈ குறையவில்லையே?

மாஸ்க் ஈயைக் கொல்லாது. லத்தியையும் நனைந்த வைக்கோலையும் வாரத்துக்கு இரண்டு முறையாவது அள்ளி அப்புறப்படுத்துங்கள். வெயில் காலத்தில் முட்டை ஈயாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

எங்கள் குட்டைக் குதிரை மற்றதன் மாஸ்க்கைப் பல்லால் உருவிப் போடுகிறது.

பொழுது போகவில்லை போலிருக்கிறது. வைக்கோலை இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைத்துப் பாருங்கள். கழற்றுவது நின்றால் சரி. நிற்காவிட்டால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து பேடக்கில் (வேலி போட்ட மேய்ச்சல் இடத்தில்) விடுங்கள். கிழிந்த மாஸ்க்கை மட்டும் மறுபடி மாட்டாதீர்கள், தொங்கும் நூல் கண்ணில் உரசும்.