பெல்ஜியத்தில் ஓடிய மகனின் செயலிக் கணக்கு, ஜெர்மனிக்கு வீடு மாறியதும் பெற்றோர் ஒப்புதல் கேட்பது ஏன்?

அது பிழை இல்லை, சட்டம்தான். உங்கள் 14 வயது மகன் பிரஸ்ஸல்ஸில் இருந்தவரை தன் தரவைச் செயலி பயன்படுத்தத் தானே ஒப்புதல் தரலாம். கொலோனுக்கு வந்ததும் முடியாது. பெல்ஜியத்தில் அந்த வயது 13, ஜெர்மனியில் 16.

2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள, ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 8ஆம் பிரிவு பொது வயதை 16 என்று வைத்துவிட்டு, விரும்பும் நாடு 13 வரை குறைத்துக்கொள்ளலாம் என்கிறது. அதனால் பிரான்ஸில் 15, ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் 14. ஐரோப்பா முழுக்க ஒரே விதி என்று பெயர்தான்!

வீடு மாறியதும் கணக்கில் நாடும் ஜெர்மனி என்று மாறியிருக்கும். அமைப்புகளில் இரண்டைப் பாருங்கள்:

1. நாடு என்னவென்று இருக்கிறது.
2. பிறந்த தேதி சரியா. ஆண்டு தவறாகப் பதிவாகியிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

இரண்டும் சரி என்றால் உங்கள் கணக்கிலிருந்து ஒப்புதல் கொடுத்தால் போதும்.

தொல்லை விட்டது என்று வயதைக் கூட்டிப் போட்டுவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி, சிறுவர் என்று தெரிந்தவர்களுக்கு அவர்களின் தரவை வைத்துக் குறிபார்த்த விளம்பரம் காட்டக் கூடாது. பொய் வயது போட்டால் அந்தக் காப்பு போய்விடும்.

அப்புறம், இந்த 16 தரவுக்கான ஒப்புதல் வயது மட்டுமே. செயலியைப் பயன்படுத்த அந்த நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது வேறு. சிறுவர்களுக்கே நேரடியாக வழங்கும் ஆலோசனைச் சேவைகளுக்குப் பெற்றோர் ஒப்புதல் தேவைப்படக் கூடாது என்றும் ஜிடிபிஆர் முன்னுரை சொல்கிறது.