லயத்துக்கு லயம் நடக்கும் நேரத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது?

கேள்வி: இங்கிலாந்தில் அரசுப் பணத்தில் முதியவர்களின் வீட்டுக்கே ஆள் அனுப்பும் நிறுவனங்களுக்கு என்னென்ன விதிகள் இருக்கின்றன? இலங்கையின் மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) அப்படியொரு சேவையைத் தொடங்க நினைக்கிறோம். அந்த விதிகளில் எவற்றை எடுத்துக்கொள்ளலாம்?

பதில்:

முதலில் பயண நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை அதற்குப் பிறகுதான். வட இங்கிலாந்தில் அப்படியொரு ஏஜென்சியில் பராமரிப்பாளராக வேலை பார்த்துவிட்டு டிக்கோயாவுக்குத் திரும்பியவள் நான். ஆகவே விதிகளை வரிசையாக ஒப்பிக்கப்போவதில்லை. எது உண்மையில் உதவியது, எது கடதாசியோடு நின்றது என்று சொல்கிறேன்.

அங்கே பணம் வரும் வழி இது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி உள்ளூராட்சி சபை ஆள் அனுப்பி முதியவரின் தேவையை மதிப்பிடும். சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் செலவு அவருடையது. அதற்குக் கீழே என்றால் வருமானத்தைப் பார்த்துச் சபை பங்கு போடும். வீட்டிலேயே பராமரிப்புப் பெறுகிறவருக்கு, அவர் குடியிருக்கும் வீட்டின் பெறுமதி கணக்கில் சேராது. ஸ்கொட்லாந்து இதில் ஒரு படி மேல்: 65 வயதைக் கடந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது என்று மதிப்பிட்டுவிட்டால், குளிப்பாட்டுவது, உடுத்துவது போன்ற உடல்சார்ந்த பராமரிப்பு 2002 முதல் இலவசம்; 2019 முதல் அந்த வயதுக்குக் கீழுள்ள பெரியவர்களுக்கும்தான். பணம் சபையுடையது என்றாலும் வேலையைப் பெரும்பாலும் தனியார் நிறுவனங்களே ஒப்பந்தத்தில் செய்கின்றன. பொதுப்பணம் தனியார் கைக்குப் போகிற இடம் என்பதால்தான் இத்தனை விதிகள்.

குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, மலசலகூடத்துக்குப் போக உதவுவது, ஊட்டுவது ஆகியவற்றைச் செய்யும் நிறுவனம் பராமரிப்புத் தர ஆணைக்குழு என்ற கண்காணிப்பு அமைப்பில் பதிய வேண்டும். பதியாமல் செய்வது குற்றம். வீடு கூட்டுவதற்கும் பேச்சுத்துணைக்கும் பதிவு வேண்டாம். பொறுப்பான முகாமையாளர் ஒருவர் பெயர் குறித்துப் பதியப்பட்டிருக்க வேண்டும். ஊழியரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். 2015இல் வந்த பராமரிப்புச் சான்றிதழ் புதிதாகச் சேர்கிறவர்களின் அடிப்படைப் பயிற்சிக்கானது. பரிசோதனை அறிக்கைகளும் தர மதிப்பீடும் யார் வேண்டுமானாலும் வாசிக்கும்படி இணையத்தில் கிடைக்கும். இவை நல்ல விதிகள்தான். ஆனால் ஒரு தோட்டத்தில் நாலைந்து பெண்களை வைத்துத் தொடங்குகிற உங்களுக்கு முதல் நாளே இவற்றைப் பற்றிய கவலை வேண்டியதில்லை.

கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, ஒவ்வொருவருக்கும் எழுதி வைக்கும் பராமரிப்புத் திட்டம். நல்ல திட்டத்தில் "உடை மாற்ற உதவவும்" என்று மட்டும் இருக்காது. பக்கவாதத்தால் தளர்ந்த கையை முதலில் சட்டைக்குள் விட வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும் என்று இருக்கும். இந்த ஒரு வரி தெரியாத பராமரிப்பாளர், எத்தனை அன்பானவராக இருந்தாலும், அந்தத் தோளை நோகடித்துவிடுவார். இரண்டாவது, மருந்துத் தாள். எந்த வில்லை, எத்தனை மணிக்கு, கொடுத்தது யார், அவர் வேண்டாம் என்றாரா, எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே எழுத வேண்டும். தாளில் இல்லாத மருந்தைத் தொடக்கூடாது. நமது பக்கத்து நிலைமை உங்களுக்குத் தெரியும். கிளினிக்கில் கொடுத்த கடதாசி உறைகள் சீனி டின்னுக்குள் கிடக்கும். ஈரம் பட்டு எழுத்துக் கரைந்திருக்கும். சீனி வருத்தத்துக்கான வில்லையும் பிரஷர் வில்லையும் நிறத்தை வைத்துத்தான் அடையாளம். அடுத்த மாதம் வேறு கம்பனி மருந்து வந்து நிறம் மாறினால் கதை முடிந்தது. கிளினிக் கொப்பியைப் பார்த்து ஒரு தாள் எழுதி, தோட்ட வைத்திய உதவியாளரிடம் காட்டிச் சரிபார்த்துச் சுவரில் ஒட்டுங்கள். செலவில்லாத வேலை.

இனி பயண நேரம். இங்கிலாந்தின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டப்படி ஒருவர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குப் போகும் நேரமும் வேலை நேரம். நம் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போவது மட்டும் கணக்கில் வராது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் சம்பளச் சீட்டில் ஒவ்வொரு வீட்டிலும் நின்ற நிமிடங்கள் வரிசையாக இருக்கும். இடையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றதற்கும் மழையில் நடந்ததற்கும் ஒரு வரி இருக்காது. கேட்டால், மணித்தியாலக் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் மாதக் கணக்கில் சராசரி சரியாக வருகிறது என்பார்கள். அட்டவணையிலும் ஒரு வீடு எட்டு மணிக்கு முடிந்தால் அடுத்த வீடு எட்டு மணிக்கே தொடங்கும். பறந்து போக வேண்டும்.

இதில் நட்டம் பராமரிப்பாளருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்த நிமிடங்களை எங்கிருந்தாவது எடுத்துத்தானே ஆக வேண்டும்? முதியவரின் நேரத்திலிருந்துதான் எடுப்போம். தேநீர் ஆறும்வரை இருக்க மாட்டோம். அவரே பொத்தான் போட முயன்றால் பொறுமை இல்லாமல் நாமே போட்டுவிடுவோம். அவர் கை இன்னும் கொஞ்சம் முடங்கும். சிறப்பான பராமரிப்புக்கான தேசிய நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டி, விதிவிலக்கான சில வேளைகளைத் தவிர ஒரு வருகை அரை மணிக்குக் குறையக்கூடாது என்கிறது. பயணத்துக்குச் சம்பளம் இல்லாத இடத்தில் அந்த அரை மணி ஏட்டில் மட்டும்தான் இருக்கும்.

இதை மலையகத்து ஆளுக்கு விளக்க வேண்டியதே இல்லை. மலைக்கு ஏறி இறங்குகிற நேரம் யார் கணக்கிலும் வராது, கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பெயர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். அதே கணக்கை உங்கள் சேவைக்குள்ளும் கொண்டுவந்துவிடாதீர்கள். மேற்பிரிவு லயத்திலிருந்து கீழ்ப்பிரிவு லயத்துக்கு இறங்கும் படியும் பாதையும் மழைக்காலத்தில் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும், அட்டைக்கடி வேறு. வீட்டு எண்ணிக்கைக்குக் காசு என்று வைக்காமல், காலை முதல் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து கடைசி வீட்டை விட்டு வெளியேறும்வரை முழு நேரத்துக்கும் சம்பளம் என்று வைத்துவிடுங்கள். வீடுகளின் எண்ணிக்கை குறையும். குறையட்டும். சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் என்பதையும் வரவு செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். "இது சமூக சேவைதானே" என்று சொல்லி இதைத் தட்டிக்கழிப்பவர்களை நான் நம்புவதில்லை.

வருகையை உறுதிப்படுத்தும் விதி பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 2016இல் வந்த ஒரு சட்டம், மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணத்தில் நடக்கும் வீட்டுப் பராமரிப்புக்கு மின்னணுப் பதிவைக் கட்டாயமாக்கியது. என்ன சேவை, யாருக்கு, யார் செய்தது, எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று ஆறு விவரங்கள். விவரங்கள் சரியானவை. கைத்தொலைபேசியை நம்பி அதை இங்கே செய்ய முடியாது. பள்ளத்து லயங்களில் சிக்னல் கிடையாது. தனி முகவரியும் பலருக்கு இல்லை, கடிதமே தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வருகிறது. வீட்டில் ஒரு கொப்பி வையுங்கள், வந்தவரும் வீட்டாரும் கையெழுத்துப் போடட்டும். அந்த ஆறு விவரங்களுக்கும் ஒரு கொப்பி போதும்.

இனி, சிரிப்பு வருகிற ஒரு விதி. இங்கிலாந்தில் சபை தரும் பணத்தைக் கையில் வாங்கி முதியவரே தனக்குப் பிடித்தவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே வீட்டில் வசிக்கும் நெருங்கிய உறவினரை, அவசியம் என்று சபை ஒப்புக்கொண்டால் தவிர, வைக்க முடியாது. இரட்டை லயத்தில் எது ஒரே வீடு? கூரை ஒன்று, வாசல்கள் பல. அடுத்த காம்பராவில் (அறையில்) இருப்பவர் அத்தை, அதற்கடுத்தது சித்தப்பா மகள். உறவினரை விலக்கினால் வேலைக்கு ஆளே மிஞ்சாது. இப்போதும் படுக்கையில் கிடப்பவரைத் துடைத்துவிடுவது பெரும்பாலும் அந்த அத்தைதான், சம்பளமில்லாமல். அவரையே பயிற்றுவித்துச் சம்பளம் கொடுங்கள். ஆனால் மேற்பார்வை செய்கிறவர் வேறு தோட்டத்து ஆளாக இருக்கட்டும். சொந்தத்துக்குள் யாரும் யாரையும் பற்றி முறைப்பாடு செய்ய மாட்டார்கள்.

தனியாளாகத் தூக்கக்கூடாது என்ற விதியையும் விடாதீர்கள். அங்கே தூக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்த வேண்டிய வீட்டுக்கு இரண்டு பேராகப் போவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அந்த இயந்திரம் நுழையாது, மலசலகூடமோ பெரும்பாலும் வெளியே. ஆகவே நமக்கு இரண்டு பேர் இன்னும் அவசியம். வருடக்கணக்காகக் கூடை சுமந்த முதுகுகள் இவை.

காசு விஷயத்தில் மட்டும் இங்கிலாந்தைவிடக் கடுமையாக இருங்கள். பிளேன்டீ கொடுத்தால் குடிக்கலாம், மறுப்பது அவமரியாதை. ஆனால் முதியவரின் வங்கிப் புத்தகம், அட்டை, இரகசிய இலக்கம் எதையும் பராமரிப்பாளர் தொடக்கூடாது. முதியோர் உதவித்தொகையை எடுத்துவரப் போகும் வேலையும் அவருடையதாக இருக்கக்கூடாது.

நமது நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பிள்ளைகள் மீது வைக்கிறது. பிள்ளைகள் கைவிட்டால் அந்தச் சட்டத்தின் கீழுள்ள பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம். பிள்ளை கொழும்பில் கடையில் நின்று அனுப்பும் காசு வரும், குளிப்பாட்டும் கை வராதே. அரசுச் செலவில் வீட்டுக்கு வருகிற சேவை இந்த நாட்டுக்குப் புதிதுமில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையில் வளர்ந்ததுதான் கர்ப்பிணியையும் குழந்தையையும் வீடு தேடி வந்து பார்க்கும் மிட்வைஃப் மிஸியின் வேலை. பிறப்புக்குச் செய்ததை முதுமைக்கும் செய்யக் கேட்பது பேராசை அல்ல.

தொடங்கும் முன் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு அலுவலரைப் பாருங்கள். பயிற்சிக்குத் தேசிய தொழில் தகைமையில் பராமரிப்பாளர் பாடநெறி உண்டு, அதைக் கேளுங்கள். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கி, பிரதி ஒன்றைச் செயலகத்திலும் கொடுத்து வையுங்கள். வாய்ப்பேச்சில் வாங்கிய அனுமதி, துரை (தோட்ட முகாமையாளர்) மாற்றலாகிப் போகும்போது அவரோடு போய்விடும்.