ரூட்டுக்கும் அடங்காத நான்கு கோப்புகள்

கேள்வி: சார், பீன்யாவில் ஒரு சிறிய பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். உபுண்டு லினக்ஸ் போட்ட பழைய சர்வர் ஒன்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் மழையில் கரண்ட் போனபோது யுபிஎஸ்ஸும் கைவிட்டது. அதிலிருந்து பில் ஃபோல்டரில் நான்கு கோப்புகளை அழிக்க முடியவில்லை. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராக நுழைந்து, கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளை கொடுத்தாலும் 'இன்புட் அவுட்புட் எரர்' என்கிறது, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் மைனஸ் எல் போட்டால் அளவு, தேதி எல்லாம் வெறும் கேள்விக்குறி. கோப்பு அமைப்பைச் சோதித்துப் பழுது பார்க்கும் எஃப்எஸ்சிகே-யை ஓட்டச் சொல்கிறார் நண்பர். சர்வரை நிறுத்தாமலே ஓட்டலாமா?
— பெங்களூரு வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். மவுன்ட் ஆகி, அதாவது சிஸ்டத்தோடு இணைந்து, எழுதிக்கொண்டிருக்கும் பார்ட்டிஷனில் (டிஸ்கின் ஒரு பகுதியில்) எஃப்எஸ்சிகே ஓட்டினால் நன்றாக இருக்கும் கோப்புகளும் கெட்டுப்போகும். அழிப்பதையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்த நான்கையும் விட, மிச்சமிருக்கிற பில்கள்தான் முக்கியம்.

கோப்பின் பெயர் ஃபோல்டரில் இருக்கும். அளவு, தேதி, உரிமையாளர் எல்லாம் ஐநோடு என்ற வேறு இடத்தில் இருக்கும். பொருளடக்கத்தில் தலைப்பு இருக்கிறது, அந்தப் பக்கத்தைத் திருப்பினால் படிக்க முடியவில்லை, அதுதான் உங்கள் கேள்விக்குறிகள். சாதாரண யூசருக்கு ஃபோல்டரில் அனுமதி குறைந்தாலும் இப்படித் தெரியும், ஆனால் நீங்கள் ரூட், அதனால் அது இல்லை. 'ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்' என்று வந்திருந்தால் விஷயம் எளிது: எல்எஸ்ஆட்டர் போட்டு, கோப்பை மாற்றவோ அழிக்கவோ விடாத ஐ என்ற கொடி தெரிகிறதா பார்த்து, சிஹெச்ஆட்டர் மைனஸ் ஐ கொடுத்து அதை எடுத்தபின் ஆர்எம் கொடுத்தால் கோப்பு அழிந்துவிடும்.

கரண்ட் போனதுதான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். உபுண்டு 2009-இல் வந்த 9.10 முதல் வழக்கமாக இஎக்ஸ்டி4 என்ற கோப்பு அமைப்பைத்தான் போடுகிறது, அதில் செய்யப்போகும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னல் உண்டு, பாதியில் நின்ற வேலையை அடுத்த முறை மவுன்ட் ஆகும்போது சரிசெய்துகொள்ளும். அதையும் மீறி ஐநோடு படிக்க வரவில்லை என்றால் எனக்கு டிஸ்க் மேலேயே சந்தேகம். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி போட்டு எஸ்டிஏ மாதிரி டிஸ்க் பெயரோடு ஐ/ஓ எரர் வருகிறதா பாருங்கள், அப்புறம் டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் ஏ கொடுத்து, படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் இடங்களின் கணக்கான 'கரன்ட் பெண்டிங் செக்டர்' எண்ணைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அந்த டிஸ்கில் எந்த ரிப்பேரும் செய்யாதீர்கள். சர்வரை நிறுத்தி, லைவ் பென்டிரைவில் (டிஸ்கைத் தொடாமல் தானே உபுண்டுவை ஓட்டும் பென்டிரைவ்) பூட் செய்து, பழுதான டிஸ்கிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ வைத்து முழு டிஸ்கையும் புதிய டிஸ்குக்கு நகலெடுத்து, நகலில்தான் எஃப்எஸ்சிகே. சில வருடங்களுக்கு முன் இந்த வரிசையை மாற்றிச் செய்து ஒரு நண்பரின் இரண்டு வருடக் கணக்கை இழந்தேன், இன்னும் மனதை உறுத்துகிறது.

டிஸ்க் நன்றாக இருந்தால் முதலில் படிக்க முடிகிற எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் எடுத்துவையுங்கள். பிறகு அந்தப் பார்ட்டிஷனை அன்மவுன்ட் செய்யுங்கள், அதாவது இணைப்பை எடுங்கள். 'பிஸி' என்றால் எந்த புரோகிராம் பிடித்திருக்கிறது என்பதை எல்எஸ்ஓஎஃப் கட்டளை காட்டும். சிஸ்டமே ஓடும் ரூட் பார்ட்டிஷன் என்றால் லைவ் பென்டிரைவ்தான் வழி. முதலில் இஎக்ஸ்டி4-க்கான எஃப்எஸ்சிகே-யான இ2எஃப்எஸ்சிகே-யை மைனஸ் எஃப், மைனஸ் என் சேர்த்து ஓட்டுங்கள், அது எதையும் தொடாமல் பழுதை மட்டும் சொல்லும். படித்துப் பார்த்த பிறகு மைனஸ் என் இல்லாமல் ஓட்டுங்கள்.

முடிந்ததும், மீட்ட கோப்புகளை எஃப்எஸ்சிகே போட்டுவைக்கும் லாஸ்ட் ப்ளஸ் ஃபவுண்ட் ஃபோல்டரைப் பாருங்கள். பெயர் போய் வெறும் எண்ணோடு சில கோப்புகள் அங்கே கிடக்கலாம், ஃபைல் என்ற கட்டளை எது பிடிஎஃப், எது எக்செல் என்று சொல்லிவிடும். யுபிஎஸ் பேட்டரியை மாற்றிய பிறகே சர்வரை மறுபடி வேலைக்கு விடுங்கள்.