உண்மைக் குற்ற ஆவணப்படங்களால் நீதிமன்றங்கள் மீதான நம்பிக்கை குலைகிறதா?

"உண்மைக் குற்ற ஆவணப்படங்களைத் தொடர்ந்து பார்த்ததில் நீதிமன்றங்கள் மீதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது, இந்தப் படங்கள் செய்வது நல்லதா, கெடுதலா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தென் மாவட்டம் ஒன்றில் பதினாறு ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் நான். பெரும்பாலும் எதிரித் தரப்பில்தான் ஆஜராகிறேன். (குற்றம் சாட்டப்பட்டவருக்கு எங்கள் நீதிமன்றத் தமிழில் 'எதிரி' என்றே பெயர், தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒருவரை அப்படி அழைப்பது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.) ஆகவே என் பதிலில் தொழில் சார்ந்த சாய்வு இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரு தீர்ப்பு எந்தச் சான்றின் மேல் நிற்கிறது என்பதைத் திறந்து காட்டும் படம் நீதிக்குத் துணை செய்கிறது என்றும், "அவர் இல்லை, இவர்தான்" என்று இன்னொருவரைக் கைகாட்டும் படம், தான் எதிர்க்கப் புறப்பட்ட அநியாயத்தையே வேறொரு வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குகிறது என்றும் நான் கருதுகிறேன். இந்த இரண்டையும் ஒரே இயக்குநர்கள் ஒரே வழக்கில் செய்திருக்கிறார்கள் என்பதால் அந்த வழக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1993 மே 5 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், வெஸ்ட் மெம்பிஸ் என்ற சிறு நகரில், எட்டு வயதுச் சிறுவர்கள் மூவர் காணாமல் போனார்கள். மறுநாள் அருகிலிருந்த காட்டுப்பகுதியின் நீரோடையில், அவர்களுடைய காலணிக் கயிறுகளாலேயே கையும் காலும் பிணைக்கப்பட்ட நிலையில் உடல்கள் கிடைத்தன. ஊர் எப்படிக் கொதித்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஒரு மாதம் கழித்து, ஜெஸ்ஸி மிஸ்கெல்லி என்ற பதினேழு வயதுப் பையனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்று பல மணி நேரம் விசாரித்தார்கள். அறிவுத்திறன் குறைந்தவனாக மதிப்பிடப்பட்ட அவன் இறுதியில் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தான். டேமியன் எக்கோல்ஸ், ஜேசன் பால்ட்வின் என்ற இரண்டு இளைஞர்களின் பெயரையும் சொன்னான். நாள் முழுவதும் நடந்த அந்த விசாரணையில் ஒலிப்பதிவானது ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பகுதிதான். கொலை நடந்ததாக அவன் முதலில் சொன்ன நேரத்தில் அந்தச் சிறுவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். காலணிக் கயிறு என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேறு கயிறு என்றான். குறுக்கு விசாரணை செய்து பழகியவர்களுக்கு இந்த இரண்டு பிழைகளின் கனம் புரியும்: சம்பவத்தைக் கண்ணால் கண்டவன் இந்த இடங்களில் இப்படி இடறமாட்டான்.

ஆனாலும் 1994-இல் மூவரும் தண்டிக்கப்பட்டார்கள். மிஸ்கெல்லிக்கும் பால்ட்வினுக்கும் ஆயுள் தண்டனை, எக்கோல்சுக்கு மரண தண்டனை. மற்ற இருவருக்கும் எதிராகச் சாட்சி சொல்ல மிஸ்கெல்லி மறுத்துவிட்டதால், அவர்களுடைய விசாரணையில் கறுப்பு உடையும், அவர்கள் கேட்ட இசையும், படித்த புத்தகங்களும், இது சாத்தான் வழிபாட்டுப் பலி என்று கூறிய 'நிபுணர்' ஒருவரின் சாட்சியமும் சான்றுகளாக எடுத்துவைக்கப்பட்டன. அந்த நிபுணரின் முனைவர் பட்டம் வகுப்புக்கே போகாமல் அஞ்சல் வழியில் பெறப்பட்டது என்பது குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டும் பயனில்லாமல் போயிற்று.

இந்த விசாரணைகளை நீதிமன்றத்துக்குள்ளேயே கேமராவை வைத்துப் பதிவு செய்தவர்கள் ஜோ பெர்லிங்கர், புரூஸ் சினோஃப்ஸ்கி என்ற இரு இயக்குநர்கள். அந்த இளைஞர்கள் குற்றவாளிகள்தான் என்று நம்பித்தான் அவர்கள் அந்த ஊருக்குப் போனார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. விசாரணையைப் பார்க்கப் பார்க்கத்தான் அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. 1996-இல் எச்பிஓ தொலைக்காட்சியில் வெளிவந்த முதல் படமான 'பாரடைஸ் லாஸ்ட்' பார்வையாளரையும் அதே வழியில் நடத்திச் சென்றது. சாட்சிக் கூண்டில் சொல்லப்பட்டதை, சொல்லப்பட்ட அளவிலேயே, ஊரின் துக்கத்தோடும் கோபத்தோடும் சேர்த்துக் காட்டியது. அந்தப் படத்தால் ஆதரவாளர்கள் திரண்டார்கள், பணம் சேர்ந்தது, புதிய வழக்கறிஞர்களும் தடயவியல் வல்லுநர்களும் வந்தார்கள். 2007-இல் வெளியான மரபணுச் சோதனை முடிவுகளில் சம்பவ இடத்துப் பொருள்கள் எதிலும் அந்த மூவரின் தடயம் இல்லை என்று தெரிந்தது. கத்திக் காயங்கள் என்று அரசுத் தரப்பு சொன்னவற்றில் பல, இறந்த பிறகு விலங்குகளால் ஏற்பட்டவை என்று வல்லுநர்கள் கூறினார்கள். இவ்வளவுக்கும் வழி திறந்தது ஒரு படம் என்பதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

2000-இல் வந்த இரண்டாம் படத்தை அப்படி ஏற்க என்னால் முடியவில்லை. இறந்த சிறுவர்களில் ஒருவனின் வளர்ப்புத் தந்தையை அந்தப் படம் நெடுநேரம் சுற்றிச்சுற்றி வந்தது. உரக்கப் பேசுபவர், கேமராவைக் கண்டால் ஆவேசப்படுபவர், பார்க்கவே அச்சமூட்டும் தோற்றமுடையவர். போதாக்குறைக்கு, சிறுவனின் உடலில் பற்குறி இருப்பதாக ஒரு கருத்து எழுந்தபோது, அவர் தம் பற்களைப் பிடுங்கிவிட்டிருந்ததும் சந்தேகத்தோடு பேசப்பட்டது. படம் பார்த்தவர்கள் பலர் கொலைகாரரைக் கண்டுபிடித்துவிட்ட உணர்வோடு எழுந்தார்கள். ஆனால் அவருக்கு எதிராக இருந்தது என்ன? தோற்றம், பேச்சு, நடத்தை. எக்கோல்சின் கறுப்புச் சட்டையை வைத்து நடுவர் குழு (அங்கே குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழு) செய்த தவற்றை, அந்தத் தவற்றைக் கண்டித்த அதே படைப்பாளிகளும் ரசிகர்களும் இந்த மனிதர்மேல் செய்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் பல ஆண்டுகள் கொலைப்பழியையும் சுமந்து திரிந்தார். பின்னர், புதிய சான்றுகளைப் பார்த்த பிறகு, அந்த மூன்று இளைஞர்களும் குற்றமற்றவர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். அவர் அப்படிச் சொன்னதைக் கேட்ட அன்று நான் வெகுநேரம் மனம் கலங்கியிருந்தேன். மூன்றாம் படத்தில் சந்தேகத்தின் நிழல் வேறொரு பெற்றோர்மேல் நகர்ந்தது. அவர்மேலும் இதுவரை எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை.

இது எனக்கு எங்கோ அமெரிக்காவில் நடந்த கதையாக மட்டும் இல்லை. என் கட்சிக்காரர் ஒருவர் கைதான வாரத்திலேயே, நடிகர்களை வைத்துச் சம்பவத்தை 'மறு உருவாக்கம்' செய்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒளிபரப்பியது. ஐந்து ஆண்டுகள் கழித்து அமர்வு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தபோது நீதிபதி எழுதிய தீர்ப்பை அவருடைய தெருவில் ஒருவரும் படிக்கவில்லை. அந்த நிகழ்ச்சியை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவர் மகளுக்குப் பார்த்த இரண்டு வரன்கள் தட்டிப்போயின. "தீர்ப்ப வச்சு நான் என்ன சார் பண்றது?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். 1988-இல் எரோல் மோரிஸ் எடுத்த 'தி தின் புளூ லைன்' படம் வேறொருவரைக் கைகாட்டித்தானே ஒரு நிரபராதியை மீட்டது என்று கேட்கலாம். 1976-இல் டல்லஸ் நகரில் ஒரு காவலரைச் சுட்டுக் கொன்றதாக ராண்டல் டேல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது ஆயுளாகக் குறைக்கப்பட்டிருந்தது. படம் வந்த மறு ஆண்டு, 1989-இல், அவர் விடுதலையானார். ஆனால் அந்தப் படம் கைகாட்டிய டேவிட் ஹாரிஸ் வழியில் போன மூன்றாம் மனிதர் அல்லர்; அரசுத் தரப்பின் முதன்மைச் சாட்சியே அவர்தான். ஆடம்ஸ் குற்றமற்றவர் என்று அவர் தம் வாயாலேயே சொன்ன ஒலிப்பதிவோடு படம் முடிகிறது. தீர்ப்பு யாருடைய சொல்லின்மேல் நின்றதோ அவரையே சோதித்துப் பார்ப்பது குறுக்கு விசாரணையின் வேலைதான். நீதிமன்றத்தில் நடக்கத் தவறியது திரையில் நடந்தது.

இனி நம்பிக்கை பற்றி. 2015-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'மேக்கிங் எ மர்டரர்' தொடரைப் பார்த்துவிட்டு, கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஸ்டீவன் ஏவரிக்கு மன்னிப்பு வழங்கக் கோரி வெள்ளை மாளிகைக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் மனு அனுப்பினார்கள். மாநில நீதிமன்றம் அளித்த தண்டனையை மன்னிக்கக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரமில்லை என்று பதில் வந்தது. அவருக்கு எதிராக நடுவர் குழு கேட்ட சான்றுகளில் சில தொடரில் இடம்பெறவில்லை என்பது அதற்குப் பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. பத்து மணி நேரம் பார்த்தவர்கள், வாரக்கணக்கில் நடந்த விசாரணை முழுவதையும் பார்த்துவிட்டதாக நம்பியிருந்தார்கள். ஆனால் அதே தொடரில், அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட, ஏவரியின் சகோதரி மகனான பதினாறு வயது பிரெண்டன் டாஸியைக் காவலர்கள் விசாரித்த காணொளியும் இருக்கிறது. அது வாதம் அன்று, சான்று. அந்த ஒப்புதல் தன்விருப்பமானதன்று என்று 2016-இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி டாஸியின் தண்டனையை ரத்து செய்தார். 2017 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. ஒரே பதிவைப் பார்த்த நீதிபதிகளே இப்படிப் பிரிந்திருக்க, உங்களுக்குள் ஐயம் எழுவதை நம்பிக்கையின் முறிவு என்று நான் சொல்லமாட்டேன்.

நம் சட்டமே ஐயத்தின்மேல் கட்டப்பட்டதுதான். காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. மிஸ்கெல்லியின் வாக்குமூலம் நம் ஊரில் சான்றாகவே ஏறியிருக்காது. அறைக்குள் என்ன நடக்கும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது. அதே வேளையில், வாக்குமூலத்தால் கண்டெடுக்கப்பட்ட பொருள் என்ற பெயரில் மகஜர்கள் (பொருளைக் கைப்பற்றியதற்குக் காவலர் எழுதும் பதிவுகள்) எப்படி எழுதப்படுகின்றன என்பதையும் நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். அதைத் திறந்து காட்டும் ஒரு நல்ல ஆவணப்படம் தமிழில் வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நான் இந்தப் படங்களைப் பார்க்கும்போது அருகில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வேன். இது சாட்சி சொன்னதா, இயக்குநர் சேர்த்த இசை சொன்னதா என்று ஒவ்வொரு இடத்திலும் குறித்துக்கொள்வேன். நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள்.

வெஸ்ட் மெம்பிஸ் மூவரும் 2011 ஆகஸ்ட் 19 அன்று, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தார்கள். ஆனால் அது விடுவிப்பு அன்று. 'ஆல்ஃபோர்ட் ஒப்புதல்' என்ற ஏற்பாட்டின்படி, தாங்கள் குற்றமற்றவர்கள் என்று சொல்லிக்கொண்டே குற்றத்தை ஏற்கவேண்டியிருந்தது. பால்ட்வினுக்கு அதில் சம்மதமில்லை. எக்கோல்ஸை மரணக் கொட்டடியிலிருந்து மீட்பதற்காகவே இறங்கிவந்தார். சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்றும் குற்றவாளிகள். எனவே, வேறு கொலையாளியைத் தேட அரசுக்குக் கட்டாயமும் இல்லை. சிறுவர்களைப் பிணைத்திருந்த காலணிக் கயிறுகளைப் புதிய முறையில் மரபணுச் சோதனைக்கு அனுப்பக் கோரி எக்கோல்ஸ் விடாமல் போராடினார். வெளியில் இருப்பவருக்கும் அப்படிக் கோரும் உரிமை உண்டு என்று 2024 ஏப்ரலில் ஆர்கன்சா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று படங்களும் சேர்ந்து சொல்லாத ஒன்றை அந்தக் கயிறுகள் சொல்லக்கூடும்.