டைனோசர் காலடியில் புல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மேல்மலையில் ஒரு கிராமத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறோம். என் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு வருடமாக டைனோசர் பைத்தியம். பள்ளி விட்டு வந்ததும் போனை வாங்கிக்கொண்டு கடை மூலையில் அரிசி மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தால் அந்த ஆவணப்படங்கள்தான். ‘எல்லாம் கம்ப்யூட்டரில் செய்த பொய், இதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது’ என்கிறார் என் கணவர். ஒன்றையொன்று கடித்துக் கிழிப்பதைக் குழந்தை பார்க்கலாமா என்று எனக்கும் பயமாக இருக்கிறது. எந்தப் படங்களைக் காட்டலாம்? போன வாரம் வகுப்பில் ‘நம்ம ஊர்ல டைனோசர் இருந்துச்சா’ என்று கேட்டிருக்கிறாள். ஆசிரியர் சிரித்துவிட்டு உட்காரச் சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து அழுதாள். சென்னையில் இருந்தாலாவது மியூசியத்துக்குக் கூட்டிப்போகலாம். இங்கே காட்டுவதற்கு என்ன இருக்கிறது, பூண்டுக்காடும் வெறும் புல்மேடும்தானே.

ஆர்., கொடைக்கானல் மேல்மலை

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகள் அழுத இடத்தைப் படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் கோபம் வந்துவிட்டது. நானும் மேல்மலைக்காரன். அந்த உரிமையில் உங்களைக் கொஞ்சம் திட்டப் போகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ரத்தத்துக்குப் பயப்படாதீர்கள். ஊர்த் திருவிழாவில் கிடா வெட்டுவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். பசித்த மிருகம் இரையைக் கடிப்பதைப் பார்த்து யாரும் கெட்டுப்போவதில்லை. எவ்வளவு நேரம் போன் கொடுக்கலாம் என்பது உங்கள் வீட்டு விவகாரம், எனக்கு அதில் கருத்து இல்லை.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். திரையில் அசைகிற உடல் கம்ப்யூட்டரில் செய்ததுதான். அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் அந்த உடலுக்குப் பின்னால் கல்லைச் சுரண்டிய மனிதர்கள் இருக்கிறார்கள். 1996-இல் சீனாவின் லியாவோனிங் பகுதியில் சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சின்ன டைனோசர் கிடைத்தது. அதன் உடலைச் சுற்றி மெல்லிய இறகிழைகளின் தடம் கல்லில் அப்படியே பதிந்திருந்தது. 2010-இல் அந்தத் தடத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் நிறமியைச் சுமந்த நுண்துகள்களைக் கண்டார்கள். அவற்றின் வடிவத்தை வைத்து, வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்தன என்று சொன்னார்கள். இது பொய்யா? ஒரு வாலின் நிறத்தைச் சொல்ல எத்தனை பேர் எத்தனை நாள் கண் எரிய உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கட்டும்.

அதற்காகப் படங்கள் சொல்வதெல்லாம் சரி என்றும் இல்லை. 1999-இல் பிபிசி எடுத்த ‘வாக்கிங் வித் டைனோசர்ஸ்’ தொடர் எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் மகளுக்கு அதைத் தாராளமாகக் காட்டலாம். ஆனால் அதில் லியோப்ளூரோடான் என்ற கடல் விலங்கை 25 மீட்டர் நீளத்துக்குக் காட்டியிருப்பார்கள். கிடைத்த எலும்புகளை வைத்துப் பார்த்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு கூடத் தேறாது. இன்னொன்று, 2022-இல் வந்த ‘ப்ரீஹிஸ்டாரிக் பிளானட்’. டேவிட் அட்டன்பரோவின் குரல். விலங்குகள் சும்மா உறங்கும், குட்டியைப் பார்த்துக்கொள்ளும், ஜோடி தேடும். எந்நேரமும் உறுமிக்கொண்டு திரியாது. அதையும் காட்டுங்கள்.

இந்தப் படங்களின் மேல் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. விடையை மட்டும் காட்டுகிறார்கள். அந்த விடையை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை விட்டுவிடுகிறார்கள், அல்லது கடைசியில் ஐந்து நிமிடத்துக்கு ஒட்டுப்போடுகிறார்கள். ‘இப்படி இருந்தது’ என்று ஒரு கம்பீரமான குரல் சொல்லும்போது, ‘உனக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்கக் குழந்தைக்கு வாய் வராது. உங்கள் மகள் கேட்டிருக்கிறாள். அதனால்தான் அந்த ஆசிரியர் மேல் எனக்கு வருத்தம். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

நம்ம ஊரில் டைனோசர் இருந்ததா? இருந்திருக்கும். எலும்பு கிடைக்காது. நம் மலை சார்னோக்கைட் பாறை. டைனோசர்கள் பிறப்பதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியது. சேறும் மணலும் படிந்து கல்லான இடத்தில்தான் எலும்பு மிஞ்சும். நமக்கு அருகில் அப்படிப்பட்ட இடம் அரியலூர். அன்று அங்கே கடல் இருந்தது. அந்த மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்துத்தான் 1987-இல் ஒரு டைனோசருக்கு ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்த எலும்புகள் பிறகு மழையில் ஊறி உதிர்ந்துபோயின. அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு லீவு நாளில் திண்டுக்கல் இறங்கி, திருச்சி வழியாகப் போய்வாருங்கள். சென்னைக்கெல்லாம் போக வேண்டியதில்லை.

சரி, இப்போது புல்லுக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயம் இது.

அந்த 1999 தொடரில் விலங்குகள்தான் கம்ப்யூட்டர். நிலம் நிஜம். நிஜமான காடுகளுக்கும் கடற்கரைகளுக்கும் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்து, அதன் மேல் விலங்குகளை நடமாட விட்டார்கள். அதில் அவர்களுக்கு ஒரு தலைவலி. தரையில் புல் இருக்கக் கூடாது. டைனோசர் காலத்தில் புல்லே கிடையாது என்பதுதான் அன்றைய அறிவு. உலகத்தில் இன்று புல் முளைக்காத இடம் எங்கே இருக்கிறது? சிலி, நியூசிலாந்து, டாஸ்மேனியா, நியூ கலிடோனியா என்று தேடி அலைந்தார்கள். அடுத்த முறை உங்கள் மகள் அதைப் பார்க்கும்போது டைனோசரின் காலடியைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரணி இருக்கும், ஊசியிலைச் சருகு இருக்கும், வெறும் மண் இருக்கும். புல்லை ஒதுக்க அவர்கள் பட்ட பாடு தெரியும்.

ஆறு வருடம் கழித்து 2005-இல் அந்த அறிவைத் திருத்தியது நம் நாட்டில் கிடைத்த சாணம். மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் மாவட்டத்தில் பிஸ்தூரா என்று ஓர் ஊர். அங்கே கல்லாகிப்போன சாணக் கட்டிகள் கிடைக்கும். டைட்டனோசார் வகை, அதாவது நீண்ட கழுத்துள்ள பிரம்மாண்டமான தாவர உண்ணிகள் போட்டதாகக் கருதப்படுபவை. சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழையவை. லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த வந்தனா பிரசாத்தும், அவரோடு கரோலின் ஸ்ட்ரோம்பெர்க், அசோக் சாஹ்னி ஆகியோரும் அடங்கிய குழு அதைப் பொடித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது. உள்ளே புல் இருந்தது. ஒன்றல்ல, ஐந்து வகையாவது இருந்தது. நெல்லுக்கும் மூங்கிலுக்கும் உறவுக்காரப் புற்கள் அதில் உண்டு.

சாணத்துக்குள் ஆறரைக் கோடி வருடம் புல் எப்படி இருக்கும்? மாட்டுக்குப் புல் அறுத்தவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம்தான். சுக்குநாறிப் புல்லைத் தெரியாத்தனமாக எதிர்ப்பக்கமாக உருவிவிட்டால் விரலில் மெல்லிசாக ஒரு கோடு விழும். முதலில் வலிக்காது, ரத்தம் எட்டிப் பார்க்கிறபோதுதான் எரியும். அப்படி அறுப்பது இலைக்குள் இருக்கிற சிலிக்கா, மணலிலும் கண்ணாடியிலும் இருக்கிற அதே பொருள். புல் தண்ணீரோடு சேர்த்து மண்ணில் கரைந்துள்ள சிலிக்காவையும் உறிஞ்சுகிறது. அது இலையின் செல்களுக்குள் படிந்து கண்ணுக்குத் தெரியாத மணிகளாக இறுகுகிறது. இலை அழுகும், மணி அழுகாது. வயிற்றிலும் செரிக்காது. ஒவ்வொரு புல்வகைக்கும் அந்த மணியின் வடிவம் வேறு. அந்த வடிவத்தை வைத்துத்தான் அந்த டைனோசர் எதைத் தின்றது என்று சொன்னார்கள்.

இதை வைத்துக்கொண்டு அன்று புல்வெளிகள் இருந்தன என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சாணத்தில் மற்ற செடிகள்தான் அதிகம். புல் அங்கொன்றும் இங்கொன்றுமாக மரங்களுக்கு நடுவே முளைத்திருக்கும். புல்வெளி என்ற நிலம் உருவாக அப்புறமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின.

அப்படி உருவான நிலத்தைத்தான் நீங்கள் ‘வெறும் புல்மேடு’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆர்., உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. என் பெரியப்பா அப்படித்தான் சொல்வார். மேல்மலைச் சரிவுகளில் வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தின் கன்று நடக் குழி வெட்டப் போனவர் அவர். பின்னால் மரம் வளர்ந்ததும் பட்டை உரிக்கும் வேலைக்கும் போனார். உரித்த பட்டையைக் கட்டுக்கட்டாக லாரியில் ஏற்றுவார்கள், கீழே தோல் பதனிடும் ஆலைகளுக்குப் போகும். அவர் உள்ளங்கை எப்போதும் காவி ஏறிக் கறுத்திருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் போவேன். ‘சும்மா கிடந்த இடம்டா இது, இப்ப நாலு பேருக்குச் சோறு போடுது’ என்பார். சோறு போட்டது நிஜம். அந்தச் சோற்றில் வளர்ந்தவன் நான். அவரை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் நடுவதற்கு முன்னால் அந்தச் சரிவின் அடியில் வருடம் முழுக்கக் கசிந்துகொண்டிருந்த ஊற்று இருந்தது. மரம் ஓங்கிய பிறகு அது கோடையில் நின்றுபோனது. அதையும் நான் பார்த்தேன்.

அந்த இடம் சும்மா கிடக்கவில்லை என்பதற்குச் சாட்சி நீலகிரிச் சதுப்புகளில் இருக்கிறது. அங்கேயும் நமக்கு இருப்பது போலவே மேட்டில் புல், மடிப்பில் சோலை, அடியில் சதுப்பு. சதுப்பில் விழுகிற இலையும் புல்லும் காற்றுப்படாமல் அழுகாமல் அடுக்கடுக்காகப் படிந்துகொண்டே வரும். மரங்களும் மலைப்புல்லில் பெரும்பாலானவையும் காற்றிலிருந்து கரியை, அதாவது கார்பனை, எடுக்கும் முறை வெவ்வேறு. அதனால் அவற்றில் தங்கும் கனமான கரியின் (எடை கூடிய கார்பன் அணுக்களின்) விகிதமும் வெவ்வேறு. ராமன் சுகுமாரும் கூட்டாளிகளும் அந்தச் சதுப்பு மண்ணை அடுக்கு அடுக்காக எடுத்து, கரியை அளந்து, 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். 20,000 ஆண்டுக் கணக்கு அதில் இருக்கிறது. உலகம் குளிர்ந்து வறண்டிருந்தபோது புல் பெருகியிருக்கிறது. ஈரம் கூடியபோது மரம் முன்னேறியிருக்கிறது. மறுபடி வறண்டபோது புல் திரும்பி வந்திருக்கிறது. மனிதன் காட்டை வெட்டி, மாடு மேய்த்து உண்டாக்கிய நிலம்தான் இது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இங்கே கோடாலி வருவதற்கு எவ்வளவோ முன்பே புல் இருந்திருக்கிறது.

பிஸ்தூராவில் சாணத்தைப் படித்தார்கள், நீலகிரியில் சேற்றைப் படித்தார்கள். இரண்டும் ஒரே வேலைதான். ஒன்றின் விடையை உங்கள் மகள் வாயைப் பிளந்துகொண்டு போனில் பார்க்கிறாள். இன்னொன்று அவள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற வழியில் கிடக்கிறது, அதைப் போய், அவளைப் பெற்ற நீங்களே ‘ஒன்றுமில்லை’ என்கிறீர்கள். எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் வாட்டிலும் தைலமரமும் பைனும் நட்டு நிரப்பினோம். நம் பழனி மலையில் நாற்பது ஆண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கெடுத்து 2018-இல் வெளியிட்டார்கள். மரத்தோட்டமும் விவசாயமும் தின்றது. இன்றும் ஏதாவது ஒரு விழா என்றால் புல்மேட்டில் போய் மரக்கன்று நடுகிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து உங்கள் பிள்ளையை அதற்கு அனுப்பாதீர்கள். வாட்டிலை வெட்டினாலும் சுலபத்தில் ஒழியாது, விதை பல வருடம் மண்ணுக்குள் உயிரோடு காத்திருந்து முளைக்கும்.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பறவைகள் டைனோசரின் நேரடி வாரிசுகள் என்பது அவளுக்குப் படத்தில் தெரிந்திருக்கும். நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவை நம் மலைப் புல்வெளியை விட்டால் ஆனைமலை, நீலகிரி உயரங்களில்தான் உண்டு. பழுப்பாக, முதுகில் கறுப்புக் கோடுகளோடு இருக்கும். புல்லுக்குள் ஓடி ஒளியும். அவள் தேடுகிற டைனோசர் நம் ஊரில் இன்னமும் உயிரோடு இருக்கிறது. அந்தப் புல்லும் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

அந்த ஆசிரியருக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். காய்ந்த சுக்குநாறிப் புல்லை ஒரு கைப்பிடி எடுத்துச் சின்னதாக நறுக்கி, பழைய இரும்புக் கரண்டியில் போட்டு, வெள்ளைச் சாம்பலாகும்வரை அடுப்பில் வையுங்கள். இதை நீங்கள் செய்யுங்கள், பிள்ளையைச் செய்ய விடாதீர்கள். சாம்பல் ஆறியதும் ஒரு சிட்டிகையை மகளிடம் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். பக்கத்தில் உள்ள உயர்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி இருக்கும். ஆசிரியர் அவளை அங்கே கூட்டிப்போகட்டும். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதில் கொஞ்சமே கொஞ்சம் சாம்பல், 400 மடங்கு பெருக்கம். கரித்தூளுக்கு நடுவே கண்ணாடி போலத் தெளிவாக, நடு ஒடுங்கி இரு முனையும் பருத்து, உடுக்கை வடிவத்தில் மணிகள் தெரியும். நோட்டில் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். மேட்டில் இருக்கிற வேறு புல்லையும் அடுத்த வாரம் எரித்துப் பார்க்கட்டும், வடிவம் மாறுகிறதா என்று. வரைந்ததைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினால் சந்தோஷப்படுவேன்.

அன்புடன்.