டிரில் பிட்டைச் சாணை பிடித்தும் ஏன் இரும்பில் இறங்கவில்லை?

வியாசர்பாடியில் மாடி அறையைப் பட்டறையாக வைத்திருப்பதாகவும், சாணை பிடித்த பிட் பளபளத்தாலும் இரும்பில் இறங்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அநேகமாக வெட்டு விளிம்புக்குப் பின்னால் சரிவு இருக்காது. விளிம்பிலிருந்து பின்பக்கம் 8 முதல் 12 டிகிரி தாழ வேண்டும். தாழாவிட்டால் அந்தப் பின்பக்கம்தான் இரும்பில் உரசும். எவ்வளவு அமுக்கினாலும் சூடுதான் மிச்சம்.

சாதாரண பிட்டின் முனைக்கோணம், அதாவது நுனியில் இரண்டு வெட்டு விளிம்புகளுக்கும் இடைப்பட்ட கோணம், 118 டிகிரி. ஆகவே சாணைக்கல்லின் முகத்துக்கு அதில் பாதியான 59 டிகிரி சாய்வில், வெட்டு விளிம்பு படுக்கையாக இருக்கும்படி பிடியுங்கள். கல்லைத் தொட்டதும் பிட்டின் வால்பக்கத்தை மெல்லக் கீழே இறக்குங்கள், சரிவு விழும். தண்டையார்பேட்டை லேத் பட்டறையில் நான் பழகியபோது, கிரைண்டரை ஓடவிடாமலே இந்த அசைவைத்தான் முதலில் கைக்குப் பழக்கினார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள், பெரிய பழைய பிட்டில்.

திருப்பி மறுபக்கமும் அதே அளவு. விளிம்புகளின் நீளம் மாறினால் துளை பெரிதாகிவிடும். கோணம் பார்க்கக் கருவி வேண்டாம்: இரண்டு அறுகோண நட்டைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி வைத்தால் நடுவில் வரும் பள்ளம் 120 டிகிரி. முனை அதில் உட்கார்ந்தால் போதும்.

கொதிக்கும் பிட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள், விரிசல் விடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்; கையுறை வேண்டவே வேண்டாம், கல் இழுத்துவிடும்.